ஓரம்புராயரின் புலி

மே 3, ஞாயிறு

திருவிழாக் கமிட்டி இன்று கூடியது. ஆளுக்கு இரண்டு டீ, மொத்தத்தில் இரண்டு சண்டை, ஒரே தீர்மானம்: இந்த வருடமும் 'ஓரம்புராயர்' கூத்துதான். இருபத்துநாலாம் தேதி இரவு ஆரம்பித்து மறுநாள் விடியும்போது முடியும். இதை முடிவு செய்ய ஒரு கூட்டம் எதற்கு என்று கேட்கக் கூடாது. எங்கள் மேலேந்தலில் யார் நினைவிலும் வேறு கூத்து ஆடியதில்லை.

கதை தெரியாத எவரும் இந்த டைரியைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதிவைக்கிறேன். அறுநூறு, எழுநூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தை ஆண்ட சிற்றரசர் ஓரம்புராயர். ஊரையே நடுங்க வைத்த ஆட்கொல்லிப் புலியை ஒரே அம்பில் சாய்த்தார். அதனால் அந்தப் பெயர். அவரிடம் பரிசு வாங்க வந்த ஒரு புலவர் அதை விருத்தம் விருத்தமாகப் பாடிவைத்தார். அந்தப் பாட்டில் புலியின் பல் வாழைப்பூ மடல் அளவு இருக்கும், ராயரின் மார்பு கோயில் கதவு அளவு இருக்கும். அந்தப் பாட்டிலிருந்து வந்ததுதான் எங்கள் கூத்து.

ராயர் வேஷம் ரைஸ்மில் புருஷோத்தமனுக்கு. முன்பு அவர் அப்பா கட்டினார், இப்போது அவர். கூத்து முடிந்ததும் கோயிலில் பரிவட்டம் கட்டி மரியாதை செய்வதும் அவருக்கே. புலி வேஷம் எனக்கு. பத்தொன்பது வருடமாக நான்தான் புலி. ஜெராக்ஸும் ஃப்ளெக்ஸும் போடுகிற கோதண்டபாணி எங்கே என்று கேட்டால் ஊரில் யோசிப்பார்கள். 'ஸ்டுடியோ புலி' என்றால் நாய்கூட வழி காட்டும். பெயர் வில் பிடித்தவன் பெயர், சாவது அம்பு பட்டு என்று என் மனைவி திலகவதி நையாண்டி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும்.

புலிக்கு வசனம் கிடையாது. உறுமல், பாய்ச்சல், சாவு. வசனம் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உறுமத் தெரிந்தவன் இந்த வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். மற்றபடி பேச்சில் எனக்கு எப்போதுமே ஆர்வம் கிடையாது.

மே 6, புதன்

புலி வாலை எலி தின்றுவிட்டது. திலகவதி பழைய மஃப்ளரில் புது வால் தைக்கிறாள். "ஒரு எலியைச் சமாளிக்க முடியல, இதுல இவரு புலியாம்."

மே 8, வெள்ளி

மேல்நிலைப்பள்ளிக்குப் போன வருடம் மாற்றலாகி வந்த வரலாற்று டீச்சர் மெஹருன்னிசா ஒரு பென்டிரைவோடு கடைக்கு வந்தார். ஏரிக்கரைச் சிவன் கோயிலின் அடிச்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் கல்வெட்டு இருக்கிறதாம். லீவில் சும்மா இருக்க முடியாமல், எழுத்தின் பள்ளத்தில் கோதுமை மாவைத் தடவிப் போட்டோ எடுத்திருக்கிறார். அதைப் பெரிதாக்கித் தர வேண்டும்.

எத்தனை காப்பி என்று கேட்டேன். கேட்டு முடிக்கக் கொஞ்சம் நேரமானது. மற்றவர்கள் என்றால் நான் வாயைத் திறந்ததும் மிச்சக் கேள்வியையும் அவர்களே கேட்டு, பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த டீச்சர் நான் முடிக்கிற வரைக்கும் சும்மா நின்றார். எனக்குத்தான் வியர்த்தது.

கம்ப்யூட்டரில் வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பைக் கூட்டினேன். எழுத்தெல்லாம் புடைத்துக்கொண்டு எழுந்தது. டீச்சர் திரையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"சார், இது உங்க ராயர்!"

பிறகு முழுவதையும் சொன்னார். ராயர் வேட்டைக்குப் போனார். புதரில் ஏதோ அசைந்தது. எய்தார். செத்து விழுந்தது ஆடு மேய்க்க வந்த ஓர் ஆள். ஏறன் மகன் காரி என்று பெயர். நாட்டார் சபை கூடியது. ராயர் சபை முன்னால் வந்து நின்று, தன் அம்புதான் என்று ஒப்புக்கொண்டார். பரிகாரமாகக் கோயிலுக்குத் தொண்ணூற்றாறு ஆடு விட்டார். சாவாத, மூப்படையாத ஆடுகள். அப்படியென்றால், ஒன்று செத்தால் இன்னொன்றை விட்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நெய்யில் காரி பேருக்கு ஒரு விளக்கு, சூரியனும் சந்திரனும் உள்ள வரைக்கும் எரிய வேண்டும்.

"புலி?" என்று கேட்டேன்.

"புலி இல்லையே சார்."

மே 9, சனி

காலையில் நானே கோயிலுக்குப் போனேன். போட்டோவில் விட்டுப்போயிருக்கலாம் அல்லவா, எவ்வளவு பெரிய மிருகம்! சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தேன். புலி இல்லை, புலியின் வால்கூட இல்லை.

டீச்சரும் அங்கே இருந்தார். அந்தப் புலவன் ஒரு புளுகன் என்று நான் சொல்ல வந்தேன். அவருக்குப் புரிந்தது.

"அவரைத் திட்டாதீங்க சார். பரிசு வாங்க வந்தவரு, 'ஐயா, நீங்க ஒரு இடையனைக் கொன்னுட்டீங்களே'ன்னா பாடுவாரு? அவருக்கு ஒரு புலி தேவைப்பட்டுச்சு. ஆனா எனக்கு இந்தக் கல்லுல இருக்கிற ராயரைத்தான் பிடிச்சிருக்கு. படை வெச்சிருந்தவரு, இடையன்தானேன்னு மூடி மறைச்சிருக்கலாம். சபையில வந்து நின்னிருக்காரு பாருங்க."

அவருக்கு ராயர் கவலை. எனக்கு என் கவலை. இல்லாத புலியாக நான் பத்தொன்பது தடவை செத்திருக்கிறேன். இது வெளியே தெரிந்தால் கூத்தில் என் இடம் என்ன?

காரி என்ற பெயர் இருந்த இடத்தை டீச்சர் காட்டினார். விரலால் தடவிப் பார்த்தேன். கையெல்லாம் மாவானது. வீட்டுக்கு வந்துதான் கழுவினேன்.

மே 11, திங்கள்

கமிட்டியில் டீச்சர் கல்வெட்டைப் படித்துக் காட்டினார். பெரிய ரகளை. புருஷோத்தமன் எழுந்து நின்று கத்தினார். "எங்கப்பன் கட்டின வேஷம்! ராயரைக் கொலைகாரன் ஆக்கிட்டு நான் தெருவுல எப்பிடி நடக்கறது? கல்லுல இன்னா வேணா வெட்டுவாங்க!" கூத்து வாத்தியார் எல்லப்பன் ஏதோ யோசனை சொன்னார். கடையில் லேமினேஷன் வேலை இருந்ததால் நான் பாதியில் வந்துவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

மே 12, செவ்வாய்

(சிவப்பு மையில் எழுதுவது நான், திலகவதி. இவர் டைரியை நான் படிப்பதில்லை. நேற்று சாப்பிடாமல் படுத்துவிட்டார், அதனால் படித்தேன். லேமினேஷனாம்! கடை ஷட்டரே தூக்கவில்லை.

நடந்தது இது. எல்லப்பன் வாத்தியார், "புலியைக் கட்டறவனே காரியையும் கட்டட்டும், சாவறதுக்கு முன்னாடி அவன் நாலு வார்த்தை பேசட்டும்" என்றார். புருஷோத்தமன் உடனே, "திக்குவாயனுக்கு வசனமா? அவன் கா, கா, கான்னு ஆரம்பிச்சா காக்காதான் வந்து உக்காரும்" என்றார். கூட்டம் சிரித்தது. இவர் எழுந்து வந்துவிட்டார். இவருக்குப் பேச்சு திக்கும் என்பது ஊருக்கே தெரியும். இந்த டைரி ஒன்றுக்குத்தான் தெரியாது.

இன்று காலையில் நேராக ரைஸ்மில்லுக்குப் போனேன். "அண்ணே, இன்னொரு வாட்டி எங்க ஊட்டுக்காரரை அப்பிடிச் சொன்னீங்க, தவிட்டுல தள்ளிடுவேன்" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு, "சரி, கூத்துல உங்களுக்கு அழற கட்டம் எத்தினி?" என்று கேட்டேன்.

"ராயர் எதுக்கும்மா அழணும்?"

"அதான் கேக்கறேன். நீங்க புலியைக் கொன்னுட்டு மீசையைத் தடவுவீங்க. ஜனங்க கையைத் தட்டிட்டு டீ குடிக்கப் பூடும். ஒரு ஆளைக் கொன்னுட்டு, அவனை மடியில போட்டுக்கினு நீங்க குலுங்கிக் குலுங்கி அழுதா எவனாவது எழுந்து போவானா?"

மனிதர் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முகத்தை ஒரு மாதிரிக் கோணிப் பார்த்தார். அழுது பார்க்கிறார் என்று கொஞ்சம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. "கிளிசரின் போடணுமா?" என்று கேட்டார். நான் வந்துவிட்டேன்.)

மே 13, புதன்

என் டைரியில் சிவப்பு மை! காசு கொடுத்து வாங்கியதில்லை, உரக்கடையில் சும்மா கொடுத்தது. அதற்காக ஆளாளுக்கு எழுதலாமா? கடுங்கோபத்தில் இருக்கிறேன். இன்று கத்தரிக்காய் கொத்சு செய்திருந்தாள், அதனால் நாளை முதல் கோபப்படுவதாக இருக்கிறேன்.

எழுதியது எழுதியாகிவிட்டது. ஆமாம், திக்கும். 'க'வில் ரொம்பத் திக்கும். என் பெயரே அதில்தான் ஆரம்பிக்கிறது, அப்பா கொஞ்சம் யோசித்து வைத்திருக்கலாம். கடை ஃபோனைத் திலகவதிதான் எடுக்கிறாள். புலித்தலைக்குள் இருக்கும்போது யாரும் என்னைப் பேசச் சொல்வதில்லை. அதனால்தான் எனக்குப் புலியைப் பிடிக்கும். சிரித்தார்களே, அது வலித்தது.

மே 15, வெள்ளி

எல்லப்பன் வாத்தியார் கடைக்கு வந்தார். புருஷோத்தமன் சம்மதித்துவிட்டாராம், அழுகைக்கு ஒரு பாட்டு போதாது, இரண்டு வேண்டுமாம். புதுக் கட்டம் இப்படி: புலி உறுமிக்கொண்டு புதருக்குள் பாயும். ராயர் அம்பு விடுவார். ஓடிப்போய்ப் பார்த்தால் புதரில் கிடப்பது கம்பளி போர்த்திய மனிதன். அவருக்குப் புலியாகத் தெரிந்தது அவன்தான். மிருதங்கம் இரண்டு சுற்று வாசிப்பதற்குள் நான் புலித்தலையைக் கழற்றிக் கம்பளியைப் போர்த்திக்கொள்ள வேண்டும்.

அவரோடு வந்த டீச்சர் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "கல்வெட்டுல கம்பளி கிடையாது வாத்தியாரே."

"கம்பளி இல்லாம கட்டம் நிக்காதும்மா."

"அப்ப சரி. அந்தப் புலவருக்குப் புலி, உங்களுக்குக் கம்பளி" என்று சிரித்தார்.

காரிக்கு வசனம் ஐந்து வரி. நான் மாட்டேன் என்று தலையாட்டினேன். வாத்தியார் கவலைப்படவில்லை. "சரிப்பா. நீ புலியோட நில்லு. சலூன் கன்னியப்பன் காரியைக் கட்டறேன்றான்."

கன்னியப்பனா? பத்தொன்பது வருடம் அந்த அம்பை மார்பில் வாங்கியவன் நான். விழுந்து விழுந்து முட்டி தேய்ந்தவன் நான். செத்தவன் யார் என்று கடைசியில் ஊர் கேட்கும்போது பெயர் சொல்வது கன்னியப்பனா? வசனத்தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

மே 17, ஞாயிறு

ஸ்டுடியோவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோ எடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து கேமராவிடம் வசனம் சொன்னேன். ஒரு இடறல் இல்லை. தேன் மாதிரி வந்தது. "உள்ள யாரு, ரேடியோவா?" என்று திலகவதி கதவைத் திறந்தாள். அவளைப் பார்த்ததும் 'கா'விலேயே நின்றுவிட்டேன். கேமராவை மட்டும் வைத்துக் கூத்து நடத்த முடிந்தால் நான்தான் இந்த ஜில்லாவில் முதல் நடிகன்.

மே 20, புதன்

ஒத்திகை. நாசம்.

அம்பு பட்டது, விழுந்தேன், கம்பளி போர்த்தினேன். புருஷோத்தமன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ, யாரப்பா நீ?" என்று கேட்டார். கா என்றேன். மறுபடி கா என்றேன். தாடை இறுகிக்கொண்டது. கண்ணை மூடினேன். ஆர்மோனியக்காரர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தான்.

எழுந்து போய்விடலாம் என்று பார்த்தால் புருஷோத்தமன் தோளை அழுத்திப் பிடித்திருந்தார். சிரித்தவனைத்தான் திட்டினார். "எவன்டா அவன்? இங்க ஒரு ஆளு செத்துக்கினு கீறான், பல்லைக் காட்டற?" பிறகு குனிந்து என் காதில் சொன்னார். "பாணி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீ எவ்ளோ நேரம் வேணா எடுத்துக்கோ. அதுவரிக்கும் நான் அழுதுகினு இருப்பேன்ல? அன்னிக்கு நான் பேசினது தப்பு. வாய் பூடுச்சு."

இத்தனை வருடம் அந்த மனிதரைப் பற்றி இந்த டைரியில் நான் எழுதியதையெல்லாம் ஒரு தடவை திருப்பிப் படிக்க வேண்டும். அவர் சொன்னதில் பாதி, அழுகையை நீட்டலாம் என்கிற ஆசை. மீதிப் பாதி அது இல்லை. எனக்குத் தெரிந்தது.

வசனம் இன்றும் வரவில்லை.

மே 23, சனி

புது வால் தயார். மஃப்ளரில் இருந்த பூ டிசைன் அப்படியே தெரிகிறது. பூப் போட்ட புலி. இதுவரை எந்தப் புலவரும் பாடாதது.

மே 25, திங்கள்

கூத்து முடிந்து, குளித்து, இட்லி சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

புலி வருவது எப்போதும் கடைசியில், கிழக்கு வெளுக்கும்போது. அந்த நேரத்தில் பாதி ஜனம் பாயில் சுருண்டிருக்கும். நான் உறுமிக்கொண்டு நுழைந்ததும் குழந்தைகள் எல்லாம் எழுந்து அலறின. அது என் பழைய சொத்து. ஒரு பையன் மட்டும் வாலைப் பார்த்து, "பூ போட்டு கீது!" என்று கத்தினான். புதருக்குள் பாய்ந்தேன். ராயர் வில்லை வளைத்தார். கைதட்டல். அதோடு முடிந்தது என்று நினைத்து நாலைந்து பேர் பாயைச் சுருட்டினார்கள்.

கம்பளிக்குள் புகுந்து கிடந்தேன். புருஷோத்தமன் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார், குனிந்தார், கம்பளியை விலக்கினார். "ஐயோ" என்றார். அந்த ஐயோவில் பாய் சுருட்டியவர்கள் நின்றார்கள்.

"யாரப்பா நீ?"

வாயைத் திறந்தேன். கா. அதற்கு மேல் வரவில்லை. முகமூடி இல்லாமல் என் முகத்தை இத்தனை பேர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கா. மிருதங்கம் நின்றது. என் மூச்சு ஏறி இறங்குவது எனக்கே கேட்டது. கா என்று மூன்றாவது தடவை சொன்னேன். யாராவது சிரிக்கப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஐயோ பாவம், மூச்சு வாங்குதே" என்றது. இன்னொரு குரல், "சொல்லுப்பா, சொல்லு ராசா" என்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெஞ்சில் அம்பு தைத்தவன் கடகடவென்று பேசுவானா? ஊரே நான் பேசி முடிக்கக் காத்திருந்தது. மெஹருன்னிசா டீச்சர் கடையில் நின்ற மாதிரி, மொத்த மேலேந்தலும்.

இனி அவசரம் எனக்கும் இல்லை. எடுத்துக்கொள்ள வேண்டிய நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

"கா... காரி. ஏறன் மகன் கா... காரி. தொலைந்த கு... குட்டியைத் தேடி வந்தேன், ராயா. புலி என்று ஊருக்குச் சொல்லிவிடாதே. நான் காரி."

ஐந்து வரிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. முடித்தபோது சூரியன் கண்ணில் அடித்தது. புருஷோத்தமனின் கண்ணீர் என் நெற்றியில் சொட்டியது. கிளிசரின் டப்பா மேக்கப் பெட்டியில் திறக்காமல் இருந்ததைப் பிறகு பார்த்தேன். அவருக்கு இரண்டாவது பாட்டு பாடவே வரவில்லை.

பரிவட்டம் கட்டக் கூப்பிட்டபோது அவர் ராயர் கிரீடத்தோடு நேராக ஏரிக்கரைக் கோயிலுக்கு நடந்தார். ஜனம் பின்னால் போனது. கல்வெட்டுக்குக் கீழே ஒரு விளக்கை ஏற்றினார். "தொண்ணூத்தாறு ஆட்டுக்கு நான் எங்க போவேன்? மாசாமாசம் நெய் என் பொறுப்பு. ராயர் சொன்ன சொல்லு, நடுவுல கொஞ்ச நாள் நின்னு பூடுச்சு" என்றார். டீச்சர் அதையும் போட்டோ எடுத்தார்.

(அந்த நேரத்தில் இவர் தூணுக்குப் பின்னால் நின்று அழுதார். எழுதமாட்டார், அதனால் எழுதுகிறேன். தி.)

மே 28, வியாழன்

மாலைப் பேப்பரில் நம் ஊர்ச் செய்தி வந்திருக்கிறது. கமிட்டிக்காரர்கள் இருபது ஜெராக்ஸ் எடுத்துப் போனார்கள். "இடையன் காரியாக நடித்த கலைஞர் கோதண்டபாணி, மரணத் தறுவாயில் மூச்சுத் திணறுவதைத் தத்ரூபமாக நடித்துக் காட்டினார். பல நாள் கடும் பயிற்சியின் விளைவு அது." புருஷோத்தமன் ஃபோட்டோவில் மார்பு கோயில் கதவு அளவு இருக்கிறது.

டீச்சர் படித்துவிட்டு, "திருத்தம் கேட்டு எழுதப் போறீங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பேப்பர்க்காரருக்கு ஒரு பெரிய நடிகன் தேவைப்பட்டிருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும். நான் நடிக்கவில்லை என்பதை இங்கே எழுதிவிட்டேன். சிவப்பு மையில் சாட்சியும் இருக்கிறது.

அவர் போனதும் கடை ஃபோன் அடித்தது. திலகவதி உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் நான் எடுத்துவிட்டேன்.

"கோ... கோ..." என்றேன்.

"அலோ? யாருங்க?" என்றது அந்தப் பக்கம்.

"கோ... கோதண்டபாணி. ஸ்டுடியோ."

அந்தப் பக்கத்து ஆள் அதுவரைக்கும் லைனிலேயே இருந்தார். மூன்று அடிக்கு இரண்டு அடி ஃப்ளெக்ஸ் வேண்டுமாம், காதுகுத்து.